ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்: திருகோணமலை ஆட்டோ சாரதிகளுக்கும் வீதியோரக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் நானாமாருக்கும்,

வீதியில் ஒரு மோதல் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வருவது நீங்கள்தான். அனுராதபுரச் சந்தியோ, சீனக்குடாவோ, உப்புவெளியோ, கிண்ணியாப் பாலத்தடியோ, எங்கே நடந்தாலும் அம்புலன்ஸுக்கும் பொலிஸுக்கும் முன்னால் அங்கே நிற்பவர்கள் பக்கத்துத் தரிப்பிடத்து ஆட்டோக்காரரும் எதிர்க் கடைக்காரரும். முன்பின் தெரியாத ஆளின் இரத்தம் உடுப்பில் படுமே என்று யோசிக்காமல் இறங்குகிறீர்கள். முதலுதவி கற்பிக்கும் நாங்கள் இதை எழுதுவது அந்த ஓட்டத்துக்குப் பிறகு நடக்கும் ஒரு காரியத்துக்காக. ஆளைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின் இருக்கையில் மடித்து வைத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் பறக்கிறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். எல்லா நேரமும் அல்ல. எப்போது தூக்கியே ஆகவேண்டும் என்பதையும் கீழே சொல்கிறோம்.

ஏன் கூடாது? ஆட்டோவின் பின் இருக்கை ஏறக்குறைய நாலடி. ஐந்தரை அடி மனிதனை அதில் நீட்டிப் படுக்க வைக்க முடியாது. மடியில் சாய்த்து வைத்தால் கழுத்து முன்னால் மடிந்து நாடி நெஞ்சில் முட்டும். மயக்கத்தில் இருப்பவரின் நாக்கு தளர்ந்து தொண்டையை அடைக்கும். பல் உடைந்த இரத்தமும் வாந்தியும் அதற்கு மேல் நிற்கும். வெளியே ஒரு கீறல்கூடப் பெரிதாக இல்லாத ஆள் வழியிலேயே மூச்சடைத்துப் போவது இப்படித்தான். மூளைக்கு ஒட்சிசன் போகாமல் 4 நிமிடம் கடந்தால் பாதிப்புத் தொடங்கிவிடும். நிலாவெளியில் இருந்து நகரத்துக்கு 4 நிமிடத்தில் வர யாராலும் முடியாது. அடுத்தது தொடை எலும்பு. அது உடைந்தால் தொடைக்குள்ளேயே 1 லீற்றர், ஒன்றரை லீற்றர் இரத்தம் தேங்கும். வளர்ந்த ஆளின் உடம்பில் இருப்பதே சுமார் 5 லீற்றர்தான். உடைந்த முனை ஒவ்வொரு குழியிலும் அசைந்து உள்ளே இன்னும் கிழிக்கும். மூன்றாவது, ஓடுகிற ஆட்டோவுக்குள் காயத்தை அழுத்திப் பிடிக்க யாருக்கும் இடமில்லை. ஆகவே, வேகமாகப் போகிறோம் என்று நினைக்கிற அந்த 15 நிமிடமும் ஆளுக்கு எந்த உதவியும் கிடைக்காத 15 நிமிடமாகிவிடுகிறது.

முள்ளந்தண்டு எல்லோருக்கும் தெரியும், அதனால் கடைசியாகச் சொல்கிறோம். கழுத்தெலும்பு நொறுங்கியும் நரம்பு அறாமல் தப்பியிருக்கும் ஆளை, தூக்குகிற அந்த ஒரு நொடியில் ஆயுளுக்கும் படுக்கையில் போட்டுவிடலாம்.

இனி இடத்தில் என்ன செய்வது.

முதல் வேலை அடிபட்டவருக்கு அல்ல, வீதிக்கு. கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் ஏ6 வீதி நேராகக் கிடப்பதால் இரவில் வருகிறவன் வேகத்தைக் குறைக்க மாட்டான். மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் கார், சாரதி கண்டு பிரேக் அடித்து நிற்க உலர்ந்த வீதியில் 55 மீற்றர் அளவு எடுக்கும். மழையில் இன்னும் கூட. ஆகவே உங்கள் ஆட்டோவை விபத்து நடந்த இடத்துக்கு 15 மீற்றர் இப்பால், வாகனம் வரும் பக்கத்தில், நாலு சிக்னலும் மினுங்க நிறுத்துங்கள். இரண்டு பேரை இரண்டு பக்கமும் 80, 100 எட்டுக்கு அனுப்புங்கள். வளைவு என்றால் வளைவுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வளைவுக்குள் நிற்பதில் பயனில்லை. கையில் போன் வெளிச்சம், முடிந்தால் வெள்ளைத் துணி. பச்சைக் கொப்பு முறித்துப் போடுகிற வழக்கம் நல்லதுதான், இரவில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கொப்பை எடுக்காமல் விட்டு, அதில் சறுக்கி இன்னொரு மோட்டார் சைக்கிள் விழுந்தால் அது உங்கள் கணக்கு.

மோதிய வாகனத்தின் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். சரிந்து கிடக்கும் மோட்டார் சைக்கிளின் தாங்கி மூடியால் பெற்றோல் வழியும். நிமிர்த்த முடிந்தால் நிமிர்த்தி, குழாய்ப் பூட்டு இருந்தால் பூட்டுங்கள். பக்கத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்கும் ஒருவர் எங்கும் இருப்பார். அவரைத் தள்ளி அனுப்புங்கள். பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக வாகனம் நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். அது எந்த நேரமும் நகரலாம். கியரை 'பி'யில் போட்டு, பவர் பொத்தானை அழுத்தி நிறுத்தி, ரிமோட் திறப்பை எடுத்து 5 மீற்றருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே கூடாது. மின்கம்பத்தில் மோதிக் கம்பி அறுந்து கிடந்தால் 10 மீற்றருக்குள் ஒருவரும் போகக்கூடாது, காருக்குள் இருப்பவர் கத்தினாலும். உள்ளே இருக்கும்வரை அவருக்குப் பயமில்லை, இறங்கினால்தான் ஆபத்து என்று தூரத்தில் நின்றே சொல்லுங்கள். மின்சார சபையின் இலக்கம் 1987.

இதற்கெல்லாம் ஒரு நிமிடம் போதும். அதே நிமிடத்தில் ஒருவர் சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கமான 1990ஐ அழைக்க வேண்டும். 'யாராவது எடுங்கோ' என்றால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள், மற்றவர் எடுத்திருப்பார் என்று நினைப்பார்கள். 'நீலச் சேர்ட் தம்பி, நீங்கள் 1990க்கு எடுங்கோ, எடுத்துட்டு எனக்குச் சொல்லுங்கோ' என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். சுவசெரிய 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த சேவை. காசு இல்லை. அவர்களிடம் ஒட்சிசன், கழுத்துப் பட்டி, முதுகுப் பலகை, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் உண்டு.

ஆனால் அழைப்பை எடுப்பவர் இருப்பது கொழும்புப் பக்கத்தில். 'பெரிய ஆலமரத்தடி' அவருக்குத் தெரியாது. இங்கே எங்கள் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, கன்னியாவும் கிண்ணியாவும். போனில், பதற்றத்தில், வேறு மொழிக்காரர் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். ஒன்று அனுராதபுர வீதிப் பக்கம், மற்றது குடாவுக்கு அப்பால் மட்டக்களப்பு வீதியில். 'கன்னியா வெந்நீர்க் கிணறு' அல்லது 'கிண்ணியாப் பாலம்' என்று ஒட்டுச் சொல்லோடுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது சிக்கல் கட்டை. நாலாம் கட்டை, ஐந்தாம் கட்டை, பத்தாம் கட்டை என்று நாங்கள் சொல்வது பழைய மைல் கணக்கு. வீதியோரத்தில் இப்போது நிற்கும் கல்லோ கிலோமீற்றர் கணக்கு. பத்தாம் கட்டை என்றால் 16 கிலோமீற்றர். அதைப் பத்தாவது கிலோமீற்றர் என்று எடுத்துக்கொண்ட வாகனம் 6 கிலோமீற்றர் முன்னாலேயே நின்று தேடும். ஆகவே வீதியின் பெயர், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில், கிலோமீற்றர் கல்லில் உள்ள எண், பக்கத்தில் உள்ள பாடசாலை அல்லது கோயில் அல்லது பள்ளிவாசல், இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். பிறகு எத்தனை பேர், பேசுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, வாகனத்துக்குள் யாராவது இறுகிக் கிடக்கிறார்களா. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்க வேண்டாம், அதற்குப் பிறகும் அந்தப் போனில் வேறு யாருக்கும் கதைக்க வேண்டாம். வழி கேட்டு அவர்கள் திரும்ப எடுப்பது அந்த இலக்கத்துக்குத்தான். ஒழுங்கைக்குள் என்றால் சந்தியில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு நிற்கட்டும். பொலிஸ் 119.

ஒவ்வொரு தரிப்பிடத்திலும் உங்கள் கிலோமீற்றர் எண்ணையும் வீதிப் பெயரையும் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் இந்தப் பந்தி முழுவதையும் மறந்துவிடலாம்.

இப்போது அடிபட்டவரிடம் வருவோம். சத்தம் போடுகிறவரிடம் முதலில் போகாதீர்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போங்கள்.

இரத்தம் பாய்கிறதா என்று பாருங்கள். கறுத்த உடுப்பு, அபாயா, ஜீன்ஸ் இவற்றில் இரத்தம் தெரியாது. கையை உடம்புக்கு அடியில் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையைக் கையில் மாட்டுங்கள். காயத்துக்கு மேல் துணியை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், கையை நேராக நீட்டி, உங்கள் உடம்பின் பாரம் இறங்கும்படி அழுத்துங்கள். சாரம், துவாய், எதுவானாலும் சரி, சுத்தம் இரண்டாம் பட்சம். 10 நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. உறைந்து வந்த இரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கும். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். தொடை இடுக்கு, கமக்கட்டு போன்ற மடிப்பில் ஆழமான காயம் என்றால் மேலால் அழுத்தி நிற்காது. துணியைக் காயத்துக்குள்ளேயே அடைத்து நிரப்பி, அதற்கு மேல் அழுத்த வேண்டும்.

கோப்பித்தூள் போடாதீர்கள். மஞ்சள், பற்பசை, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எதுவும் வேண்டாம். கோப்பித்தூள் இரத்தத்தை உறிஞ்சிச் சேறாக நிற்பதால் நின்றுவிட்டது போலத் தெரியும், அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அந்தத் தூளைக் கழுவி எடுப்பதற்கே தனியாக நேரம் போகும்.

கையோ காலோ நசுங்கி அல்லது துண்டாகி, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் இறுக்கிக் கட்டலாம். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் விட்டு, மூட்டில் படாமல், 4 விரல் அகலத்துக்கு மடித்த துணியால். கயிறு, வயர், நைலோன் நூல் கூடாது. அவை தசையை வெட்டும், இரத்தத்தை நிறுத்தாது. ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் உறுதியான தடி ஒன்றை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, இரத்தம் நிற்கும்வரை தடியை முறுக்கி, தடி திரும்பாமல் கட்டுங்கள். அரைகுறையாக இறுக்கினால் முன்பைவிடக் கூடுதலாக ஓடும். ஏனென்றால் ஆழத்தில் இரத்தத்தைக் கொண்டுபோகும் நாடி திறந்திருக்க, மேலே அதைத் திருப்பிக் கொண்டுவரும் நாளம் மட்டும் அடைபடும். நோவில் கத்துவார், கத்தட்டும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். இடையில் அவிழ்க்க வேண்டாம்; வைத்தியசாலையில்தான் அவிழ்க்க வேண்டும். குத்தி நிற்கும் கம்பி, கண்ணாடி எதையும் பிடுங்க வேண்டாம். சுற்றிவரத் துணியை வளையமாக வைத்து அசையாமல் கட்டுங்கள். தக்கையைப் பிடுங்கினால் போத்தல் என்ன செய்யுமோ அதைத்தான் உடம்பும் செய்யும்.

விரல் துண்டாகியிருந்தால் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். மீன் வியாபாரியின் பெட்டி நம் வீதிகளில் எந்நேரமும் ஓடுகிறது, ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விரலை நேராக ஐஸில் போட்டால் தசை கருகிவிடும், பிறகு பொருத்த முடியாது.

மூச்சு. காதை வாயருகே வைத்து, நெஞ்சைப் பார்த்துக்கொண்டு 10 செக்கன். மயக்கம், மூச்சு இருக்கிறது என்றால் மல்லாக்கக் கிடத்தி வைக்காதீர்கள். ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் முழங்காலையும் பிடித்து, மரக்குற்றியைப் புரட்டுவதுபோல ஒரே அசைவில் பக்கவாட்டில் திருப்புங்கள். மேல்கால் முழங்கால் முன்னால் மடிந்து நிற்க, வாய் நிலத்தைப் பார்க்க வேண்டும். அப்போது இரத்தமும் வாந்தியும் வெளியே வழியும். கழுத்தா மூச்சா என்று வந்தால் மூச்சுத்தான். கழுத்துக்குப் பயந்து மல்லாக்க விட்டு மூச்சடைக்க வைப்பது, ஆட்டோவில் மடித்து வைப்பதற்குச் சமம். கர்ப்பிணி என்றால் இடப் பக்கமாகச் சரியுங்கள். மல்லாந்து கிடந்தால் வயிற்றின் பாரம் பெரிய நாளத்தை அழுத்தும்.

மூச்சே இல்லை, அல்லது மீன் வாய் திறப்பதுபோல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் என்றால் அது மூச்சு அல்ல. நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கா ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது. அடிபட்டு இரத்தம் போய் நின்ற இதயம் இப்படித் திரும்ப ஓடுவது அரிது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் செய்யுங்கள். ஓட்டும்போதே நெஞ்சு வலித்து, அதனால் போய் மோதியவராகவும் இருக்கலாம்.

தலைக்கவசம் பற்றி எப்போதும் கேட்கிறீர்கள். நன்றாக மூச்சு விடுகிறார் என்றால் கழற்ற வேண்டாம். கண்ணாடியைத் தூக்கி, பட்டியை வெட்டுங்கள். மூச்சு அடைக்கிறது, வாந்தி எடுக்கிறார் என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் கீழிருந்து கையை உள்ளே விட்டு நாடியையும் பிடரியையும் தாங்க, மற்றவர் தலைக்கு மேல் இருந்து இரண்டு காதுப் பக்கத்தையும் அகட்டி, மூக்குத் தப்பும்படி முதலில் பின்னால் சரித்து, பிறகு பிடரி தப்பும்படி முன்னால் சரித்து, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வெளியே வரும் அந்தக் கணத்தில் தலை பொத்தென்று விழும். கீழே தாங்குகிறவர் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சேலையோ சால்வையோ அபாயாவோ சில்லில் சுற்றி இறுகியிருந்தால் சில்லைப் பின்னால் சுற்றிப் பார்க்காதீர்கள். கத்தரிக்கோலால் துணியை வெட்டுங்கள், முதலில் கழுத்துப் பக்கத்தில்.

தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றால் எங்களோடு சண்டைக்கு வருவீர்கள். தாகம் என்று கேட்பவருக்குத் தண்ணீர் மறுப்பது நம் ஊரில் பாவம். ஆனால் இரத்தம் இழந்தவருக்குத் தாகம் எடுப்பது உடம்பின் அபாய அறிவிப்பு. வயிற்றில் தண்ணீரோ சோடாவோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். சத்திரசிகிச்சையே பிந்தும். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், அது போதும். முகத்தில் தண்ணீர் அடிப்பதும், கன்னத்தில் தட்டி எழுப்புவதும், நிமிர்த்தி உட்கார வைப்பதும் வேண்டாம்.

வெளிறி, குளிர்ந்து வேர்த்து, நாடி வேகமாக ஓடி, பேச்சுக் குழம்பினால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது. பங்குனி வெயிலிலும் அவரைப் போர்த்த வேண்டும். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. அதே நேரம் மத்தியானத் தார் வீதி முதுகைச் சுடும். புரட்டும்போதே ஒரு சாக்கையோ பாயையோ அடியில் செருகி, மேலே குடை பிடியுங்கள். சிறு பிள்ளைகள் விடயத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 10 கிலோ நிறையுள்ள குழந்தையின் உடம்பில் இருப்பதே 800 மில்லிலீற்றர் அளவு இரத்தம். இரண்டு தேநீர்க் கோப்பை போனாலே உயிராபத்து. பிள்ளை அழாமல் நித்திரை தூங்குவதுபோல் கிடந்தால் 'பயந்துபோய்ப் படுத்திருக்குது' என்று விடாதீர்கள்.

இனி எப்போது தூக்கலாம். தீ, தண்ணீர், அடுத்த வாகனம் வந்து மோதும் நிலை, வாகனத்துக்குள் மூச்சில்லாமல் இருப்பது. இவை வந்தால் யோசிக்காமல், பின்னால் இருந்து கமக்கட்டுக்குள் கை விட்டு, தலையை உங்கள் நெஞ்சில் அணைத்து இழுத்து எடுங்கள். இன்னொன்று, 1990 'இப்போது வாகனம் இல்லை' அல்லது 'அரை மணிக்கு மேலாகும்' என்று சொல்வது. குச்சவெளிக்கு அப்பாலும் வெருகல் பக்கமும் இது நடக்கும். அப்போதும் ஆட்டோ கடைசித் தெரிவு. பட்டா (சின்ன லொறி), வான், லொறி, ஏதாவது தட்டையான தளமுள்ள வாகனத்தை மறியுங்கள். கடைக் கதவோ, வாங்குப் பலகையோ 6 அடி நீளத்துக்கு எடுத்து, ஐந்து பேர் சேருங்கள்: தலைக்கு ஒருவர், ஒவ்வொரு பக்கமும் இருவர். தலை பிடிப்பவர் மட்டுமே 'ஒன்று, இரண்டு, தூக்கு' சொல்ல வேண்டும். உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்து, நடுவில் துவாய் வைத்து, முழங்காலுக்கு மேலும் கீழும் கணுக்காலிலும் கட்டுங்கள். பின்னால் இருவர் ஏறி, ஒருவர் தலையையும் மற்றவர் காயத்தையும் பிடிக்கட்டும். போகும் வைத்தியசாலைக்கு முன்கூட்டியே ஒரு அழைப்பு எடுங்கள். ஓட்டுவது 40இல் போதும். காலில் சிராய்ப்பு, கை மணிக்கட்டு உடைவு, தானாக எழுந்து நடக்கிறார் என்றால் ஆட்டோவில் தாராளமாகக் கொண்டு போங்கள். அதற்கு ஆட்டோதான் சரியான வாகனம்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்காரனை அடிக்க ஓடுகிற இருபது பேரும் உதவக்கூடிய இருபது பேர். அடிபடுவார் என்ற பயத்தில்தான் சாரதி ஓடுகிறார். நின்று உதவி செய்வதும் பொலிஸுக்கு அறிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் அவர் மேல் போட்ட கடமை. அவர் அதைச் செய்ய விடுங்கள். இலக்கத் தகட்டை ஒருவர் படம் பிடித்தால் போதும். அடிபட்டவரின் முகத்தைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவதைப் பற்றி நாங்கள் கோபப்படாமல் எழுத முடியாது. தாய்க்குச் செய்தி அந்த வழியில் போய்ச் சேரக்கூடாது. அவருடைய போன் ஒலித்தால் எடுத்து, எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். நிலைமையை வைத்தியர் சொல்லட்டும். பணப்பை, நகை, அடையாள அட்டை எல்லாவற்றையும் இரண்டு பேர் சாட்சியாக எண்ணி, ஒரு பையில் போட்டு, அம்புலன்ஸ்காரரிடமோ பொலிஸிடமோ கொடுங்கள்.

'பொலிஸ் கேஸ் ஆகிவிடுமே' என்ற பயம் உண்மையானது, அதைப் பகிடி பண்ண மாட்டோம். கொண்டுபோய்ச் சேர்த்தவனையே இடித்தவன் என்று சந்தேகிப்பது நடக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறோம்: வாகனத்தை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் ஒவ்வொரு படம், உங்கள் ஆட்டோவின் முன்பக்கம் சேதமில்லாமல் நிற்பதும் தெரியும்படி இன்னொரு படம். சில்லு நின்ற இடத்தைச் செங்கல் துண்டால் கோடு போடுங்கள். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணில் பெயரைக் கொடுத்து, 'நான் கண்டவன், இடித்தவன் அல்ல' என்று முதல் வசனமாகப் பதியச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவில் 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134அ பிரிவும், உதவியவரை வழக்கில் இழுக்கக்கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று எழுத்தில் வைத்தன. இங்கும் அப்படி எழுத்தில் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதுவரை, இந்த மடல் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கண்ணிலும் பட்டால், இதை மட்டும் கேட்கிறோம்: ஆட்டோக்காரரை இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைக்காமல் பத்து நிமிடத்தில் எழுதி அனுப்புங்கள். அவருடைய அன்றைய ஓட்டம் போனால் அடுத்த முறை அவர் நிற்க மாட்டார்.

கடைசியாகப் பை. தரிப்பிடத்துக்கு ஒன்று. கையுறை 10 சோடி, 10 சென்ரிமீற்றர் அகல பன்டேஜ் 6, பெரிய பருத்தித் துணித் துண்டு 10, மீற்றர் சதுரத் துணியைக் குறுக்கே வெட்டிய முக்கோணம் 6 (மூன்று மீற்றர் துணி போதும்), முனை மழுங்கிய பெரிய கத்தரிக்கோல், ஒரு அடித் தடி 2, மார்க்கர் பேனா, ரோச், ஒளிரும் மேலங்கி 2, விசில், பொலித்தீன் பை, பழைய படுக்கை விரிப்பு, ஒரு சோக்குக் கட்டி. களிம்பும் குளிசையும் வைக்க வேண்டாம். வைத்தால் தலையிடிக்காரர்கள்தான் பையைத் திறப்பார்கள். ஆட்டோவுக்குள் வைத்தால் எங்கள் வெயிலில் கையுறை ஒரு வருடத்துக்குள் ஒட்டிப் பிய்யும். இரவில் பூட்டும் கடைக்குள்ளும் வைக்காதீர்கள். நிழலான கூரைக் கம்பில், கை எட்டும் உயரத்தில் தொங்கட்டும். கையால் பழக வேண்டும் என்றால் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் வகுப்பு நடத்துகின்றன. பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

வீடு போவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேறொருவரின் இரத்தம் உங்கள் கண்ணிலோ வெட்டுக் காயத்திலோ பட்டிருந்தால் நிறையத் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்ச் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். இருக்கையில் பட்ட இரத்தத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். பாவித்த கையுறைக்குப் பதில் புதிய சோடியை மறுநாள் பையில் வைப்பது யார் என்பதை அன்றைக்கே தரிப்பிடத்தில் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவி கற்பிக்கும் சிலர்,
திருகோணமலை